வலது கண்

"தம்பி, வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்கட அம்மா இல்லை."

மெழுகு உருவத்தின் முன்னால் நின்று அந்த அக்கா சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. கையில், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய பிரதி. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே கிளம்பிப் போன அந்த இரவில், சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்துவந்த அட்டை. வேறு படம் மிஞ்சவில்லை. "வலது கண் கொஞ்சம் சின்னன். சிரிச்சா இன்னும் சின்னனாப் போகும்" என்றார்.

"என் கைக்கு இப்படித்தான் வரும் அக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி தம்பி. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யுங்கோ."

மூன்று வருஷம் ஆகிறது. டொரன்டோவில் பட்டறைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொன்னது உண்மையா?

உண்மைதான் என்று நிரூபிக்க என்னிடம் நிறைய இருக்கிறது. சுவாமிமலையில் பத்து வயதில் அப்பா என் கையில் கொடுத்தது உளி அல்ல, ஒரு தென்னங்கீற்று. அதை மடித்து மடித்துத்தான் உருவத்தின் அளவு முழுவதும். முகம் மூன்று சம பங்கு: நெற்றி, மூக்கு, மூக்கின் கீழிருந்து மோவாய் வரை. கண் என்றால் மீன். இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகக்கூடாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து இளக்கிய உருண்டை கட்டைவிரலுக்குக் கீழே வந்ததும், நான் யோசிப்பதற்கு முன்பே புருவம் வளைந்துவிடும். முப்பது வருஷப் பழக்கம் அது. இங்கே தென்னை ஏது, காகிதத்தைக் கீற்றாக மடித்துக்கொள்கிறேன். அந்த அம்மாவின் முகத்துக்கும் அதையே மடித்தேன். பழக்கத்தைக் குற்றம் சொல்ல முடியுமா?

இப்படியே நினைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் தாண்டுவேன். மூன்றாவது நிறுத்தத்தில் வேறொன்று நினைவுக்கு வரும்.

இதே பட்டறையில் ஐந்து வருஷம் நான் பார்த்த வேலை என்ன? மற்றவர்கள் களிமண்ணில் செய்த ஹாக்கி ஆட்டக்காரர், போர்வீரர், கல்லூரி நிறுவனர் எல்லாரையும் மெழுகில் சரிபார்ப்பது. உடைந்த மூக்கு உடைந்தபடியே இருக்க வேண்டும். கழுத்துச் சுருக்கம் ஒன்று குறைந்தாலும் திரும்பி வரும். சூடேற்றிய கத்தியின் நுனியில் சட்டைப் பொத்தானின் நான்கு ஓட்டைகளையும் திறந்தவன் நான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரின் தொங்கிய இமை என் கைக்கு வந்தது. எங்கள் சாயலில் இருந்த ஒரு அம்மாவின் சின்னக் கண் மட்டும் எப்படி வராமல் போனது?

அன்று அக்காவிடம் இன்னொரு நியாயமும் சொன்னேன். வாஷிங்டனில் ஃப்ரீயர் மியூசியத்தில் ஒரு சோழர் செப்புத்திருமேனி இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு. 1929இல் அவர்கள் வாங்கியது. செம்பியன் மாதேவியையே பார்வதியாக வார்த்தது என்று பலர் கருதுகிறார்கள். "ராணியையே அம்மனாத்தான் பண்ணியிருக்காங்க அக்கா, அதுதான் நம்ம மரபு" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு ஒருநாள் அந்தத் திருமேனியின் படத்தை நிதானமாகப் பார்த்தேன். தோள் செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. உடல் ஒடுங்கி நீள்கிறது. எங்கள் பட்டறையில் யாராவது அந்தத் தோளை வைத்திருந்தால் அப்பா மெழுகைப் பிசைந்து திரும்பவும் உருட்டச் சொல்லியிருப்பார். அந்த ஸ்தபதி ராணிக்காகத் தன் கீற்றைக் கொஞ்சம் தளர்த்தினாரோ என்னவோ. அப்படியானால் நான் எனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டவர் அக்காவின் பக்கம்தான் நிற்கிறார்.

அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது எது என்று யோசித்தால், பயம் என்றே சொல்லத் தோன்றுகிறது. பகலெல்லாம் இன்னொருவர் கைக்கு என் கையைக் கொடுக்கிறேன். இந்த ஒன்றாவது சுவாமிமலைக் கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் தப்பு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது யாருடைய அம்மா?

ஊரில் என்றால் ஒரு சமாதானம் உண்டு. காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றிவிட்டால் முடிந்தது. மெழுகு போனால் போனதுதான், மண் அச்சையும் உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அங்கே ஒரு கருவுக்கு ஒரு சிலை. இங்கே முதலில் ரப்பர் அச்சு எடுத்துவிடுகிறார்கள். எத்தனை மெழுகு வேண்டுமானாலும் ஊற்றலாம். அன்றே இன்னொன்று ஊற்றி, நகக்கண் அளவு மெழுகை இமையில் வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

வார்ப்பு நன்றாகவே வந்தது. உள்ளே கூடு விட்ட வெண்கலம், ஓட்டை ஒடிசல் இல்லை. போன தைப்பொங்கலுக்கு ஸ்காபரோவில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி அறையில் வைத்திருக்கிறார்கள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம், முன்னால் குத்துவிளக்கு. பேத்தி கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். "வெள்ளிக்கிழமையில பாலும் வைப்பன் தம்பி" என்றார் அக்கா. முகத்தில் நிறைவு தெரிந்தது. எனக்கும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கவனித்தேன்: அடையாள அட்டைப் படத்தைச் சட்டம் போட்டு சாமி அறைக்கு வெளியே, தன் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தார்.

அச்சு இன்னும் பட்டறை மேல்தட்டில்தான் இருக்கிறது. போன மாதம் வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மெழுகு ஊற்றினேன். காகிதத்தை மடிக்கவில்லை. படத்தை மட்டும் எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு வலது இமையைக் கீழே இறக்கினேன். விரல் இரண்டு முறை அதைச் சமன் செய்யப் பார்த்தது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.