‘மீட்கப்பட்டனர்’ என்று எழுதியே பழகியவன்

முதல் தடவை அந்தப் படிவத்தை நிரப்பியபோது எனக்கு வந்தது 6. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ கேள்வித்தாள் அது. பத்துக் கேள்வி, மொத்தம் 40. எட்டைத் தொட்டாலே ஆபத்தான குடி என்று கணக்கு. எதற்கு எந்தப் பதில் போட்டால் எட்டுக்குள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ராணுவத்தில் ஒன்பது வருஷம், தீயணைப்பில் பதினாலு வருஷம், உடல்தகுதிச் சோதனைகளைத் தாண்டியே வந்தவன் நான்.

டாக்டர் தாளைப் பார்த்தார். அதை நீட்டிய என் கையையும் பார்த்தார். “காலையில எழுந்ததும் குடிக்கிற பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இன்னைக்கு மட்டும் குடிக்காம வந்தீங்களோ? கை ஆடுதே” என்றார். புதுத் தாள் ஒன்று கொடுத்தார். 27 வந்தது.

அதற்கு முன்பே வீட்டில் நானாக நிறுத்திப் பார்த்திருந்தேன். வைராக்கியம் இருந்தால் போதும் என்று நினைப்பு. இரண்டாம் நாள் காலை குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டுக் கதவை உடைத்துப் பிழைத்தவன் நான். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை யாரும் வைராக்கியத்தால் தாண்ட முடியாது. வேறு எதை மறந்தாலும் சரி, தனியாக நிறுத்தாதீர்கள், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

வார்டில் ஆறு நாள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து அதே கேள்விகளைக் கேட்பார். கையை நீட்டி விரலை விரிங்க. தலையைச் சுத்திப் பட்டை கட்டின மாதிரி இருக்கா? தோல்மேல பூச்சி ஊர்ற மாதிரி இருக்கா? இல்லாத சத்தம் ஏதாவது கேக்குதா? பதிலுக்குத் தகுந்தபடி மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் ஊசி போட்டார். நாள்பட்ட குடியில் அந்த வைட்டமின் வற்றிப்போய் மூளையைப் பாதிக்குமாம். ஏழாம் நாள் கை நடுக்கம் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் இடறியது. குடியை நிறுத்தியதும் கனவுகள் கிளம்பின. மது, கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். நிறுத்தினால் அது வட்டியோடு திரும்பும். அதே வீடு, அதே புகை, இரவுக்கு மூன்று தடவை. மனநலப் பிரிவுக்குப் போனால் “மூணு மாசம் குடிக்காம இருந்துட்டு வாங்க, அப்புறம்தான் அதைத் தொட முடியும்” என்றார்கள். குடிநோய்ப் பிரிவில் கேட்டால் “கனவெல்லாம் எங்க பிரிவு இல்ல சார்”. கனவு நிற்கக் குடிக்க வேண்டும், கனவுக்கு வைத்தியம் பார்க்கக் குடிக்கக் கூடாது. இந்த வட்டத்தை இரண்டு முறை சுற்றினேன். இரண்டு முறையும் என்னைத்தான் பலவீனன் என்றார்கள். நானும் நம்பினேன். இப்போது அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மூன்றாவதாகப் போன இடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். முதல் நாளே, நான் கேட்காமலே, என் துறைக்கு எது போகும், எது போகாது என்று சொன்னார்கள். வேலைக்குத் தகுதியா இல்லையா என்பது மட்டும் போகும். உள்ளே பேசுவது போகாது. இதை ஐந்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அந்த 6-ஐப் போட்டிருக்க மாட்டேன். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை ஆரம்பித்தார்கள், தினம் 50 மில்லிகிராம். முன்னதாகக் கல்லீரல் பரிசோதனை. இதைச் சாப்பிடுகிறவருக்கு மார்ஃபின் வகை வலிமருந்து வேலை செய்யாது என்பதால், பர்ஸில் வைக்க ஒரு அட்டை தந்தார்கள். அடிபடும் வாய்ப்புள்ள வேலையில் இருப்பவருக்கு அந்த அட்டை முக்கியம். தூக்க மாத்திரை கேட்டேன். கிடைக்கவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேச்சு சிகிச்சை 12 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். பயந்து ஒதுக்கும் நினைவைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைக்கும் முறை, ஈட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது. அதைக் குடிநோய் சிகிச்சையோடு சேர்த்துச் செய்தார்கள். நான்காவது அமர்வில் தெரபிஸ்ட் அம்மா, “கண்ணை மூடிக்கங்க. இப்பவே நடக்கிற மாதிரி சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். “பிற்பகல் 3.40-க்குத் தகவல் பெறப்பட்டது. குழு விரைந்தது. இருவர் மீட்கப்பட்டனர். ஒருவர் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார்.”

அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “யார் கண்டெடுத்தது?”

‘நான்’ என்று சொல்ல அந்த 90 நிமிடத்தில் மீதி முழுதும் ஆனது.

அடுத்த அமர்விலிருந்து ‘கதவைத் தள்ளுறேன், சூடு முகத்துல அடிக்குது’ என்று மாறியது. அதைப் போனில் பதிவு செய்து, தினமும் ஒரு தடவை கேட்கச் சொன்னார்கள். வீட்டில் கேட்க முடியாமல் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பேன். முதல் வாரம் சட்டை நனைந்துவிடும். இவ்வளவு கொடுமை எதற்கு என்று தெரபிஸ்டைத் திட்டியும் இருக்கிறேன்.

நடந்தது இதுதான். முதல் தடவை உள்ளே போனபோது முதுகிலிருந்த காற்று சிலிண்டரின் விசில் ஊதியது. அழுத்தம் குறைந்தால் ஊதும். ஊதினால் வெளியேற வேண்டும். வெளியேறினேன். இரண்டாவது முறை போனபோது அந்தப் பையன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தான். நான் திரும்பிய இடத்திலிருந்து நாலு எட்டு வைக்கும் தூரம். எட்டு வருஷமாக என் கனவில் நான் அவனைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போவேன்.

பத்துப் பதினைந்து தடவை கேட்ட பிறகு ஒரு மாலை, என் குரலே சொல்வது காதில் விழுந்தது: “என் கையுறையே எனக்குத் தெரியல.” முதல் தடவை எனக்கு எதுவுமே தெரியவில்லை. கட்டில் தெரிந்தது புகை விலகிய இரண்டாவது தடவையில். இரண்டு காட்சியையும் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தது என் மண்டை. துக்கம் போகவில்லை. ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பியவன் என்பது அன்றோடு போயிற்று.

இதற்கு நடுவே, ஏழாவது அமர்வு முடிந்த இரவு குடித்தேன். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். அன்று மதியம் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று மணிக்கணக்காகத் துருவினார்கள், அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுத்தார்கள்.

வாரம் ஒருமுறை சீருடைக்காரர்களுக்கென்று தனிக் குழு. பொதுக் குழுவில் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், எதிரே இருப்பவர் முகம் வெளிறிவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை. அவசர அழைப்பு எடுக்கும் பெண் ஒருவர் வந்தார். எதையும் நேரில் பார்க்காதவருக்கு என்ன வந்தது என்று முதலில் அலட்சியமாகத்தான் நினைத்தேன். அவர் சொன்னார்: “நீங்க எல்லாரும் கடைசியா போய்ச் சேர்றீங்கண்ணே. நான் அதுக்கு முந்தின நிமிஷத்துல இருக்கேன். லைன் கட் ஆகிடும். அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.” அதன் பிறகு அவர் பேசினால் நான் குறுக்கிட்டதில்லை. கோர அனுபவத்துக்குப் பின் விடாமல் துரத்தும் இந்த நோய், பி.டி.எஸ்.டி. என்பார்கள், 1980-இல்தான் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியது. வேலையின் பொருட்டுக் கோர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்பவரையும் 2013 பதிப்புதான் வெளிப்படையாகச் சேர்த்தது. அவருக்கு அதைச் சொன்னபோது, “நான் வேலைக்குச் சேர்ந்தது 2009” என்று சிரித்தார்.

வீட்டுப்பாடமாக ஒரு பட்டியலும் உண்டு. தவிர்க்கும் விஷயங்களுக்கு 0 முதல் 100 வரை பயத்தை எண்ணால் குறித்து, அதன் அருகே போய் நிற்க வேண்டும், பயம் தணியும் வரை நகரக் கூடாது. குக்கர் விசிலுக்கு 65 போட்டிருந்தேன். அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்றேன், மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். எட்டாவது நாள் 20.

பதினாலு மாதம் ஆகிறது. மாத்திரை தொடர்கிறது. கனவு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. இப்போதும் குக்கர் வைத்தால் மனைவி உள்ளே இருந்து குரல் கொடுப்பாள்: “விசில் வரப்போகுதுங்க.” சொல்ல வேண்டாம், பழகிடுச்சு என்று சொல்லிவிட்டேன். கேட்பதில்லை.