சுத்தமான கைகள் போதும்: மெல்போர்னில் நான்கு நாட்கள்

சிட்னியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நவம்பர் மாதக் கடைசியில் நானும் என் கணவரும் நான்கு நாட்கள் மெல்போர்ன் போய் வந்தோம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்று மகள் சொன்னாள். ஆனாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற ஆசையில் பகல் ரயிலில் ஏறினோம். பதினொரு மணி நேரப் பயணத்தில் யூகலிப்டஸ் மரங்களும் ஆட்டு மந்தைகளும் அறுவடைக்குக் காத்திருந்த கோதுமை வயல்களும் அலுக்காமல் வந்துகொண்டே இருந்தன. மாநில எல்லையில் உள்ள ஆல்பரியில் ரயில் சிறிது நேரம் நின்றது. இரு மாநிலங்களின் தண்டவாள அகலமும் வேறு வேறாக இருந்ததால், 1962 வரை பயணிகள் இங்கே இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருந்ததாம். நாங்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே விக்டோரியா மாநிலத்துக்குள் நுழைந்து, மாலையில் சதர்ன் கிராஸ் நிலையத்தில் இறங்கினோம்.

மெல்போர்ன் போகிறவர்கள் கடலோரப் பாறைகளையும் பெங்குவின்களையும் பார்க்காமல் திரும்புவதில்லை. நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. நகரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. பொது நூலகத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியிருந்தது விக்டோரியா மாநில நூலகம். என் கணவருக்கோ கிரிக்கெட் மைதானம். ஆளுக்கு ஒன்று என்று ரயிலிலேயே பேசி முடித்திருந்தோம்.

மறுநாள் காலை ஸ்வான்ஸ்டன் தெருவில் நடந்து போனபோது நூலகத்துக்கு முன்பாகவே ஒரு காட்சி என்னை நிறுத்தியது. கற்கட்டடம் ஒன்றின் மூலை மட்டும், மீதி முழுவதும் பூமிக்குள் புதைந்துவிட்டதைப் போல, நடைபாதையிலிருந்து சரிந்து எழுந்து நிற்கிறது. அது ஒரு சிற்பம். அதன் ஓரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அதைத் தாண்டினால் புல்வெளி, புல்வெளிக்கு மேலே படிகள், படிகளுக்கு மேலே தூண்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. உறுப்பினரா என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. விக்டோரியாவில் 1851இல் தங்கம் கிடைத்து, உலகின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்த காலத்தில், ரெட்மண்ட் பாரி என்ற நீதிபதி இந்த நூலகத்தை உருவாக்க முன்னின்றார். 1856 பிப்ரவரியில் திறந்தபோது இங்கே இருந்தவை சுமார் 3,800 நூல்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. உள்ளே வருவதற்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும், கைகள் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில் பிணையாளர் கையொப்பம் இல்லை என்பதற்காக எத்தனையோ பிள்ளைகளை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து திருப்பி அனுப்பியவள் நான். அது அன்றைய விதி. ஆனாலும் அந்த நிபந்தனையை நினைத்துக்கொண்டு படியேறியபோது, திரும்பிப் போன சில முகங்கள் நினைவுக்கு வந்தன.

1913இல் திறக்கப்பட்ட குவிமாட வாசிப்பறைதான் இந்த நூலகத்தின் இதயம். எட்டுப் பட்டையாக அமைந்த அந்தக் கூடத்தின் குறுக்களவும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே, 35 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் உயர்ந்த மேடை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வாசிப்பு மேசைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் நீள்கின்றன. மேடையில் அமரும் நூலகர் தலையைத் திருப்பினாலே எந்த மேசையில் யார் என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடும். அதற்காகவே செய்த அமைப்பு. பச்சைக் குடை போட்ட விளக்குகளும், கைபட்டு மெருகேறிய மர மேசைகளும், சாய்த்து வைக்கத் தோதான பலகைகளும் பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டவை. கூரைக் கண்ணாடிகளில் மழைநீர் ஒழுகியதால் 1959இல் அவற்றின் மேல் செப்புத் தகடு போர்த்திவிட்டார்களாம். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கூடம் பகலிலும் மங்கிய வெளிச்சத்தில்தான் இருந்திருக்கிறது. 2003இல் சீரமைத்து மீண்டும் கண்ணாடியைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மேகம் விலகியது. மேலிருந்து இறங்கிய வெயில் எதிர் மேசையில் மடிக்கணினியோடு இருந்த மாணவியின் தோளில் விழ, அவள் நிமிர்ந்து பார்க்காமலே நாற்காலியை ஓரடி நகர்த்திக்கொண்டாள்.

அதே கட்டடத்தில் நெட் கெல்லியின் இரும்புக் கவசம் காட்சிக்கு இருக்கிறது. கலப்பைத் தகடுகளைச் சூட்டில் வளைத்துச் செய்த அந்தக் கவசம் 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தலைக்கவசத்தில் கண்ணுக்கு நேராக ஒரு கீறல் மட்டும் திறப்பு. மார்புத் தகட்டில் குண்டு பட்ட பள்ளங்களைக் கட்டை விரலால் அளக்கலாம் போல அத்தனை தெளிவாகப் பார்க்க முடிகிறது. 1880 ஜூனில் கிளென்ரோவன் என்ற ஊரில் இதை அணிந்துகொண்டு போலீஸாரை எதிர்த்தான் கெல்லி. கவசம் மறைக்காத கால்களில் சுட்டு வீழ்த்திப் பிடித்தார்கள். கொள்ளைக்காரன் என்று ஒரு சாராரும், ஏழைக் குடியானவர்களின் வீரன் என்று இன்னொரு சாராரும் அவனைப் பற்றி இன்றுவரை வாதிடுகிறார்கள். மூன்று போலீஸாரின் உயிர் போன கதை என்பதால் வீரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர் வேறு யாருமல்லர், இந்த நூலகத்தை உருவாக்கிய அதே ரெட்மண்ட் பாரிதான். தீர்ப்பைக் கேட்ட கெல்லி, நான் போகும் இடத்தில் உங்களைச் சந்திப்பேன் என்ற பொருளில் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நவம்பர் 11ஆம் தேதி, நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பழைய சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், நோய்வாய்ப்பட்டிருந்த பாரியும் இறந்து போனார். வாசலில் பாரியின் சிலை, உள்ளே கெல்லியின் கவசம். இரண்டையும் ஒரே கூரையைச் சுற்றி வைத்திருக்கும் இந்த ஊரின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நகரின் நடுப்பகுதிக்குள் டிராமில் கட்டணம் இல்லை என்பதால் இரண்டு நாட்கள் ஏறி ஏறி இறங்கினோம். சென்னையில் 1953இலும் சிட்னியில் 1961இலும் பழைய டிராம்கள் நின்று போயின. மெல்போர்ன் மட்டும் அவற்றைக் கைவிடவில்லை. ராபர்ட் ஹாடில் என்ற அளவையாளர் 1837இல் வரைந்த தெருக்கள் முப்பது மீட்டர் அகலமானவை, டிராமும் காரும் சேர்ந்து போக இடம் இருந்தது. பின்னாளில் டிராம் வாரியத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ரிசன் விடாப்பிடியாக நின்று காத்தார். இன்று சுமார் 250 கிலோமீட்டர் பாதையோடு உலகின் மிகப் பெரிய டிராம் அமைப்பு இதுதான். டிராமுக்கு வழிவிடுவதற்காகச் சில சந்திப்புகளில் வலப்புறம் திரும்ப வேண்டிய கார்கள் இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருந்து, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழும் தறுவாயில் மொத்தச் சாலையையும் கடந்து திரும்புகின்றன. என் கணவர் ஒரு தெருமுனையில் கால் மணி நேரம் நின்று இதைப் பார்த்தார்.

குயின் விக்டோரியா சந்தைக்குத் திங்கட்கிழமை போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். திங்களும் புதனும் விடுமுறை என்று விசாரித்திருக்க வேண்டும். செவ்வாயன்று மீண்டும் போய், சூடான ஜாம் டோனட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கொட்டகைகளைச் சுற்றினோம். 1878இல் தொடங்கிய இந்தச் சந்தை, நகரின் முதல் இடுகாட்டின் மேல் விரிந்தது. ஏறத்தாழ 9,000 பேரின் உடல்கள் இன்னும் அந்த மண்ணுக்கடியில் இருக்கின்றன.

அன்று மாலை வடக்கிலிருந்து வீசிய உட்பாலைவனத்து வெப்பக் காற்று சட்டென்று நின்று, தெற்குக் கடலின் குளிர்காற்று புகுந்தது. அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. யாரா ஆற்றங்கரையில் நடந்தபோது அதன் பழைய பெயரைக் கல்லில் படித்தோம்: பிராருங். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஊருந்ஜெரி மக்கள் வைத்த பெயர். 1835இல் ஓர் அளவையாளர் நீர் பாய்வதைக் குறித்த சொல்லை ஆற்றின் பெயர் என்று தவறாகப் புரிந்து எழுதிக்கொண்டதிலிருந்து வந்ததுதான் யாரா. கேட்டவர் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டிருந்தால் ஓர் ஆறு தன் பெயரோடு இருந்திருக்கும்.

கடைசி நாள் என் கணவருடையது. ஒரு லட்சம் பேர் அமரும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் 1877இல் முதல் டெஸ்ட் போட்டி நடந்தது. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இங்கேதான். அந்த 1977-78 ஆட்டத்தில் சந்திரசேகர் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட் எடுத்ததை என் கணவர் புல்வெளியின் ஓரத்தில் நின்று மீண்டும் ஒருமுறை சொன்னார். எங்கள் குழுவில் வந்திருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். 83க்குப் பிறகு புறப்பட்டு வந்தவர்.

1995 டிசம்பர் 26ஆம் தேதி, கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் விதியை மீறி முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ பால் கொடுத்த ஆட்டத்தை அவர் இதே மைதானத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

"நானும் உள்ளுக்குத்தான் இருந்தனான். பெடியன் போடப் போட அந்தாள் கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறார். என்ன நடக்குதெண்டு எங்களுக்கு விளங்கேல்ல, தங்கச்சி. பக்கத்தில இருந்தவங்கள் சிரிச்சவங்கள்."

மறுமுனைக்கு மாறி வீசியபோது அங்கிருந்த நடுவர் ஒரு பந்தைக்கூடக் குறை சொல்லவில்லை என்பதை அவர் இருமுறை சொன்னார். பின்னர் நடந்த ஆய்வுகளும், எந்தப் பந்துவீச்சாளரும் முழங்கையைப் பதினைந்து பாகை வரை நீட்டலாம் என்று 2005இல் வந்த விதியும், 800 விக்கெட்டுகளும் அவருக்கு மனப்பாடம். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றபோது, "இங்க காசு, அட்டையைத் தட்டிப்போட்டு ஏறுங்கோ" என்று எங்களுக்கு நினைவுபடுத்தினார். பிறகு கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி, முழங்கையைச் சற்றே மடக்கிப் பிடித்து, "பெடியன்ர கை பிறப்பிலயே இவ்வளவுதான் நிமிரும், பாருங்கோ" என்று காட்டினார். டிராம் வந்து நின்றும் அந்தக் கையை அவர் இறக்கவில்லை.