02:47இல் நின்ற பச்சை

14 அக்டோபர் 2024, திங்கள்

காலை 6:20க்கு வாடிக்கையாளரே அழைத்துச் சொன்ன பிறகுதான், அவர்களுடைய தரவுத்தள சர்வர் விழுந்து கிடப்பது எங்களுக்குத் தெரிந்தது. இரவுப்பணித் தம்பி, "அண்ணே, திரை முழுக்கப் பச்சையாகத்தானே இருந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். சர்வர்களைக் கண்காணிக்கும் நேகியோஸ் மென்பொருளின் திரையில் எந்தச் சேவையின் கடைசிச் சோதனை நேரமும் 02:47ஐத் தாண்டவில்லை.

அதே நாள், பிற்பகல்

எங்கள் கண்காணிப்புச் சர்வரின் நினைவகம் பாதி காலியாக இருக்கிறது. வட்டில் 46 விழுக்காடு இடம் இருக்கிறது. ஆனாலும் இடம் இல்லை என்றே லாக் சொல்கிறது. 2 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை அழித்தேன், பயன் இல்லை. பிறகு சின்னஞ்சிறு பழைய லாக் கோப்புகள் நாற்பதை அழித்ததும் கண்காணிப்பு உயிர்பெற்றது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. நாற்பது கோப்பு, ஐந்து நிமிடம்.

அதே நாள், இரவு 11:10

தை செங் நிலையத்தில் ரயிலுக்குள் ஏறி நின்றபோது உறைத்தது. கதவு மூடுவதற்குள் இறங்கி அலுவலகத்துக்கே திரும்பினேன். வட்டின் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையுடன் 'ஐ' சேர்த்து அடித்தவுடன் 100% என்று வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் வட்டு ஒதுக்கும் பதிவிடமான ஐனோடு தீர்ந்துவிட்டது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வட்டை உருவாக்கும்போதே, இயல்பாக 16,384 பைட்டுக்கு ஓர் ஐனோடு என்று எண்ணிக்கை முடிவாகிவிடும். எங்கள் 20 ஜிபி பகுதிக்கு 1,310,720. கோப்பு பெரிதோ சிறிதோ, ஒன்றுக்கு ஒன்று செலவாகும். புதுக் கோப்பு திறக்க முடியாததால் திரைக்குத் தகவல் தரும் நிலைக்கோப்பு புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே பழைய பச்சை அப்படியே நின்றது. எச்சரிக்கை மின்னஞ்சலும் அதே பகுதியில்தான் வரிசைக்குக் காத்திருக்க வேண்டும்; அதற்கும் வழியில்லை.

15 அக்டோபர்

வரைபடத் தரவு வந்து விழும் அடைவில் சுமார் 1,152,000 கோப்புகள் இருக்கின்றன. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை திரும்பி வரவே இல்லை. வரிசைப்படுத்தாமல் கேட்ட பிறகுதான் பெயர்கள் ஓடின. பதினைந்து விநாடிக்கு இரண்டு கோப்பு, நிமிடத்துக்கு எட்டு, நாளுக்கு 11,520. வகுத்தால் நூறு நாள். பின்னோக்கி எண்ணினால் ஜூலை 6, சனிக்கிழமை. அன்று கெர்னல் புதுப்பித்துவிட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்தவன் நான். அந்தக் கோப்புகளை எடுத்து வரைபடமாக்கும் என்பிசிடி நிரல் தானாக எழுந்து வரும்படி அமைக்கப்பட்டிருக்கவில்லை. அதை நான் பார்க்கவில்லை.

16 அக்டோபர்

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்கிறார் மேலாளர். என்னால் முடியவில்லை. விழுந்த சர்வரின் மூன்று மாத நடமாட்டம் இந்தக் கோப்புகளில் மட்டும்தான் இருக்கிறது. கடைசிக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன்: 02:46க்கு அதன் நினைவகப் பயன்பாடு 88 விழுக்காடு. நாங்கள் வைத்த எச்சரிக்கை எல்லை 90. அந்த ஏற்றம் அன்றிரவு தொடங்கியதா, மாதக்கணக்காக நடந்ததா என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆனால் வரைபடத் தரவைச் சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்பு பின்தேதித் தரவை ஏற்காது. இன்றைய தரவு ஒன்று முந்திக்கொண்டால் நூறு நாளும் போய்விடும். ஆகவே என்பிசிடியைத் தொடங்காமல், குவியலை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு, கோப்பின் பெயரில் உள்ள நேரப்படி ஒவ்வொன்றாக ஊட்டுகிறேன். ஒரு கோப்புக்கு அரை விநாடி ஆகிறது, மொத்தம் 160 மணி நேரம். இரவு 8 மணிக்குத் தொடங்கியாயிற்று.

17 அக்டோபர்

வட்டுச் சோதனையில் ஐனோடு எல்லையையும் சேர்த்தேன். நிலைக்கோப்பின் வயதை இனி வேறொரு சர்வர் பார்க்கும். என்பிசிடி தானாக எழும்படி அமைத்தும் விட்டேன். ஊட்டி முடியும்வரை இந்தச் சர்வரை யாரும் மறுதொடக்கம் செய்யக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

18 அக்டோபர்

ஓடுகிறது.

19 அக்டோபர், சனி

இரவு எட்டுக்கு ஆகஸ்ட் 20ஐ எட்டியிருக்கிறது. கோடு 41 விழுக்காட்டில் தட்டையாகப் போகிறது. தீபாவளித் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போகலாம் என்று வீட்டில் கேட்டார்கள்; நாளை என்றேன். நாற்பது கோப்பு, ஐந்து நிமிடம்: திங்கட்கிழமை அப்போதே வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

21 அக்டோபர், காலை 8:05

செப்டம்பர் 11 வரை வந்துவிட்டது. செப்டம்பர் 9 முதல் கோடு ஏறுகிறது. 44. 45. இறங்கவே இல்லை.