ஒரு முழம் கீரை, ஒரு எலிவால்

காலையில் நடைபாதைத் தொட்டியிலிருந்து முதல் முள்ளங்கியைப் பிடுங்கினேன். மேலே ஒரு முழம் கீரை, கீழே எலிவால்.

விதை போட்ட 4 நாளில் பச்சையாக எட்டிப் பார்த்தது, அந்தச் சந்தோஷத்தில் நாலு விரல் இடைவெளி விட்டு மீதி நாற்றுகளைப் பிடுங்கிக் கலைக்க மனசே வரவில்லை. ஊரில் அம்மா யோசிக்காமல் கலைத்துவிடுவார். நமக்கு இருப்பதே ஒரு தொட்டி, அதில் எதைப் பிடுங்குவது? நெருக்கத்தில் கிழங்கு பருக்கவில்லை. போதாததற்குச் சிங்கப்பூரின் 32 டிகிரி வேறு, முள்ளங்கியோ குளிர் கேட்கும் பயிர்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அந்த வாலைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தார்.

கீரையைப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்தாச்சு. சாம்பார் முள்ளங்கிக்கு, சரி, தேக்கா சந்தைதான்.