நூலாக வந்த பட்டாணி வேர்

மஞ்சளடித்திருந்த பட்டாணிச் செடி ஒன்றைப் பிடுங்கியபோது, வேரின் புறத்தசை மண்ணிலேயே தங்கிவிட, நடுநரம்பு மட்டும் நூலைப் போல உருவிக்கொண்டு கையோடு வந்தது. அதுவரை தழைச்சத்துக் குறை என்றே நினைத்திருந்தேன். அந்த ஊகம் முழுத் தவறும் அன்று. வேர் அழுகும்போது, காற்றின் தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத்தரும் வேர்முடிச்சுகளும் கெடுவதால் செடி உண்மையிலேயே தழைச்சத்துக்கு ஏங்குகிறது. ஆயினும் உரமிட்டு அதைத் தேற்ற இயலாது.

வேர் நீர்கோத்துத் தேன் நிறமாகி இப்படி உரிந்துவருவது அஃபனோமைசிஸ் யூடைகிஸ் என்னும் நுண்ணுயிரியின் அடையாளம். 1925இல் பெயரிடப்பட்ட இதனைப் பூசணம் என்றே எழுதும் வழக்கம் இருக்கிறது (நானும் அப்படித்தான் எழுதி வந்தேன்); உண்மையில் இது பூசணங்களைவிடப் பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. இதைப் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க முடியாது. இரண்டு கசைகளை (நீந்த உதவும் சவுக்கு போன்ற இழைகளை) கொண்ட இதன் நுண்வித்துகள் மண்துகள்களுக்கிடையே உள்ள நீரில் நீந்தி வேரைச் சென்றடைபவை என்பதால், நீர் தேங்கும் தாழ்விடங்களிலும் மண் இறுகிய இடங்களிலுமே நோய் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுகிறது.

பட்டாணி வேரை அழுகச் செய்யும் இன்னொன்றான ஃபியூசேரியம் உண்மையான பூசணம். அதனால் வரும் வேரழுகல், விதை ஒட்டியிருந்த இடத்தருகே செம்பழுப்பாகவோ கருமையாகவோ தொடங்கும். இரண்டும் ஒரே வேரில் சேர்ந்து வருவது உண்டு. அப்போது கண்ணை மட்டும் நம்பி முடிவு கூறுவது சரியாகாது.

தொல்லை மிகுந்தது அஃபனோமைசிஸின் தடித்த சுவருடைய உறங்கு வித்துதான். பயிரே இல்லாவிட்டாலும் அது மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே அதே வயலில் மீண்டும் பட்டாணி விதைக்கக் குறைந்தது 6 முதல் 8 ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறார்கள். பட்டாணிக்குப் பின் மைசூர்ப் பருப்பையோ குதிரைமசாலையோ விதைத்துவிட்டு அதைப் பயிர்ச் சுழற்சி என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அவையும் இந்நோய்க்கு ஆளாகுபவை. சோயாவும் கொண்டைக்கடலையும் பெரிதும் தாங்கி நிற்கும். விதைநேர்த்தி இளம் நாற்றுக்குச் சற்றுக் காப்பளிக்குமே தவிர, வேர் அழுகத் தொடங்கிய பின் தெளிக்கவோ ஊற்றவோ பயனுள்ள மருந்து இல்லை.

விதைப்புக்கு முன்பே மண்ணைச் சோதிக்கலாம். வயலில் பல இடங்களிலிருந்து, குறிப்பாகத் தாழ்விடங்களிலிருந்து, மண்ணெடுத்துத் தொட்டிகளில் பட்டாணி விதைத்து, ஈரம் குறையாமல் சில வாரம் வளர்த்து, பிடுங்காமல் மண்ணை நீரில் கரைத்து வேரை எடுத்துப் பார்க்க வேண்டும்.