சிகிச்சை முடிந்த பிறகு சித்திக்கு என்ன தேவைப்பட்டது

மார்பகப் புற்றுநோய் என்றதும் ஆபரேஷன், கீமோ, முடி கொட்டுவது, இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த மாதங்களில் வீட்டில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு சொந்தபந்தம் வந்து போகும், பக்கத்து லைனில் (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்து மிளகு ரசம் வரும். அப்புறம் ஒருநாள் டாக்டர் "இனி மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்மா" என்று சொல்வார், உடனே அவரவர் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் சித்திக்குத் துணை ரொம்பத் தேவைப்பட்டது அதற்கப்புறம்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த குடும்பம் எங்களுடையது, அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. வலது மார்பில், அக்குளுக்குப் பக்கமாக, குளிக்கும்போது ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "வலிக்கவே இல்லையே புள்ள, வலிச்சாத்தானே டாக்டருகிட்ட போகணும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். நம் பெண்களில் நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாத கட்டி, தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடிப்பது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தமோ நீரோ கசிவது, அக்குளில் நெறி கட்டியது போல ஒன்று, இதில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். காட்டப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளவாவது போகலாமே. (ஆண்களுக்கும் இது வரும், அபூர்வம்தான், ஆனால் வரும்.)

சித்தியைப் போகவைத்தது எங்கள் கிராம சுகாதார செவிலியர். லைனுக்குப் பிரஷர், சுகர் பார்க்க வந்தவர், நாலு வார்த்தை பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். வெறும் கையால் பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதைத்தான் 1998-இல் தொடங்கி 20 வருடம், சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் பார்த்தது. பயிற்சி எடுத்த சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த பெண்களில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்க மலை இறங்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஐம்பது தாண்டிய அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோரையும் அந்த நர்ஸ் அக்காவிடம் ஒருமுறை அனுப்பி வையுங்கள்.

ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரே சண்டை. "ஊசி பட்டா பரவிடும்" என்று சித்தப்பாவின் அக்கா பிடிவாதமாக நின்றார். பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவுவதில்லை, அது இல்லாமல் எந்த வகைக் கட்டி, எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது என்று கோவை டாக்டர் அவரையும் உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார். பிறகு சித்திக்குப் பத்தியச் சாப்பாடு பொங்கிக் கொடுத்ததும் அவர்தான், தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் இல்லாமல். புற்றுநோய் தொற்றாது, தட்டைப் பிரிக்காதீர்கள், அதைவிட அவர்களை நோகடிப்பது வேறில்லை.

சித்தப்பா அதிகம் பேச மாட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது, உள்ளே சேருகிற நீர் வெளியேற அக்குளுக்குக் கீழே ஒரு டியூபும் அதன் முனையில் ஒரு டப்பாவும் வைத்து அனுப்புவார்கள். தினமும் காலையில் அதை ஊற்றி அளந்து எழுதி வைக்க வேண்டும், அளவு குறைந்த பிறகுதான் டியூபை எடுப்பார்கள். சித்தப்பா அந்த மில்லிக் கணக்கைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, தாள்களைச் சாமி படத்துக்குக் கீழே ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தார். டாக்டரிடம் போனபோது அந்தக் கிளிப்பை அப்படியே கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தார். தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் தனக்குத் தைரியம் வந்தது என்று சித்தி சொல்வார்.

கீமோவுக்குக் கோயம்புத்தூர் போய் வருவது பெரும்பாடு. குஞ்சப்பனை வளைவுகளில் சாதாரண ஆளுக்கே குமட்டும். பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ் எத்தனை நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பும் உடம்பு அந்த ரோட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். முன் சீட், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்தில் ஒரு ஆள், இந்த மூன்றும் கட்டாயம். ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்களுக்குத் தொடர்ந்து கொடுப்பார்கள். தினமும் ஏறி இறங்க முடியாது என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு மாமா வீட்டில் தங்க வைத்தோம். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது, குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள். பஸ் காசும் போன கூலியும் அதில் வராது, அதற்கு லைன் ஆட்கள் சீட்டுப் பணத்தில் இருந்து கொடுத்தார்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்தது.

அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். உடனே வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். சித்திக்கு வலது கை. கொழுந்து பறிக்கிறவருக்கு வலது கை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செடிக் குச்சி கீறிய சின்னக் காயத்தில் கிருமி புகுந்து, முழங்கைவரை சிவந்து, காய்ச்சலோடு ஒரு ராத்திரி கிடந்தார். அதற்குப் பிறகுதான் இறுக்கமான கையுறை மாதிரி மாட்டும் ஸ்லீவ், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி எல்லாம் ஒழுங்காக நடந்தது. கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆனால் நிறைந்த கொழுந்து மூட்டையைத் திடீரென்று தூக்கவும் கூடாது. மேஸ்திரியிடம் போய்ப் பேசியது சித்தியின் மகள். இப்போது சித்திக்கு நாற்றங்காலில் பை நிரப்பும் வேலை.

ராத்திரிகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உடம்பின் ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி என்றால் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட, தினமும் ஒரு மாத்திரை உண்டு. அதில் சிலருக்கு உடம்பு திடீரென்று கொதிக்கும். மார்கழிக் குளிரில், வெளியே புல்லெல்லாம் உறைபனி பிடித்துக் கிடக்கும்போது, சித்தி கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறப்பார். சித்தப்பா தலையில் மங்கி குல்லாவோடு, இரண்டு ஸ்வெட்டரோடு படுத்துக்கொள்வாரே தவிர, ஜன்னலைச் சாத்தச் சொன்னதில்லை. மூட்டு வலிக்கிறது, தூக்கமில்லை என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள், நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொன்னால் வழி சொல்வார்கள். இதெல்லாம் வீட்டில் கூட இருப்பவர்கள் கவனித்தால்தான் தெரியும்.

ஒரு மார்பை எடுத்த பிறகு வரும் கூச்சத்தை வெளியே சொல்லவே மாட்டார்கள். சித்தி கோயில் திருவிழாவுக்குக்கூட வராமல் இருந்தார், உள்ளே துணியைச் சுருட்டி வைத்தால் நழுவிக்கொண்டே இருக்கிறது என்று. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் பின்னத் தெரியாத பெண்கள் குறைவு, அம்மாவே பின்னிவிட்டார். கம்பளி நூல் தழும்பில் அரிக்கும் என்பதால் மெல்லிய பருத்தி நூல், உள்ளே தலையணைக்கு அடைக்கும் பஞ்சு, அளவு பார்த்துப் பார்த்து மறுபடி பிரித்துப் பின்னினார். புண் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடலாம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, துவைத்துக் காயப்போடவும் சுலபம். அந்த வருடத் திருவிழாவுக்குச் சித்தி மாம்பழக் கலர் சேலையில் வந்தார்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதுகூட ஒரு குடும்பத்தின் வேதனையில் இருந்துதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்த இழப்பை மறக்காமல் 1954-இல் அந்த மருத்துவமனையை நிறுவினார். அடுத்த வருடம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். அவர்கள் தொடங்கிய காலத்தில் புற்றுநோய் என்றால் சாவு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இன்று வசதியான நாடுகளில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள், இந்தியாவில் 66 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் நாம் தாமதமாகப் போவதும், பாதியில் சிகிச்சையை விடுவதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் குடும்பத்தின் கை இருக்கிறது.

செக்கப் நாள் நெருங்கினால் சித்திக்கு இன்னும் சாப்பாடு இறங்காது. ரிப்போர்ட் வாங்கும்வரை பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், இந்த முறை நான் போகிறேன். சித்தி மகளுக்கும் வயது முப்பதாகிவிட்டது. அம்மாவுக்கு வந்திருப்பதால் அவளுக்கு என்ன பரிசோதனை, எப்போதிருந்து என்று அந்த டாக்டரிடமே கேட்கப் போகிறோம். அதற்கு முன்னால் வரும் வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்காவிடம் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சித்தியே சொல்லிவிட்டார். மகளை மட்டும் கூட்டிப் போகவில்லை, லைனில் மூன்று வீட்டுப் பெண்களிடம் பேசி, லீவு சொல்லவைத்து, ஜீப்புக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.