தொழிற்சந்தைக்கு என்ன உடுத்துவது?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கும் சில பிள்ளைகள், "அக்கா, தொழிற்சந்தைக்கு என்ன உடுத்துவது?" என்று கேட்டிருந்தார்கள். பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் மேசை போட்டு, வேலை தேடுவோரைச் சந்திப்பதுதான் தொழிற்சந்தை. மட்டக்களப்பு நகரில் ஆட்சேர்ப்பு வேலை பார்ப்பவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு தம்பி எங்கள் மேசைக்குக் கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பதில் தெரியும். ஆனால் வியர்வையைத் துடைப்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நம் ஊர் வெயிலுக்குக் கோட் வேண்டவே வேண்டாம்.

ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளை அல்லது இளநீல முழுக்கைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து போதும். வங்கி, காப்புறுதி என்றால் டையும் கட்டுங்கள். புதிதாக வாங்கக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டாம். என் தம்பிக்கு அண்ணாவின் சேர்ட்டைத்தான் காத்தான்குடியில் ஒரு தையல்கார நானாவிடம் கொடுத்து அளவாக்கினோம். தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் நிற்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். பக்கங்களைப் பிடிப்பது சுலபமாம். தோள் பெரிதென்றால் வேறு சேர்ட் தேடுவது நல்லதாம். கடன் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளே, ஆசிரியர் நியமனம் மாதிரி அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சை என்றால் சேலைதான் பொருத்தம். அம்மாவிடம் மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலை இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பட்டு மாதிரி வழுக்காது, வெயிலுக்கும் இதம். கட்டிப் பழக்கமில்லை என்றால் அன்றைக்கென்று பழக வேண்டாம். சல்வார் போட்டுத் துப்பட்டாவை ஊசியால் குத்திக்கொள்ளுங்கள். தொழிற்சந்தைக்கு அது தாராளமாகப் போதும்.

அபாயாவும் ஹிஜாபும் அணிகிற தங்கச்சி ஒருவர், "மாற்ற வேண்டுமா அக்கா?" என்று கேட்டார். வேண்டாம் தங்கச்சி. வேலைக்காகப் பொட்டை அழிக்கச் சொல்வோமா? அதேபோலத்தான் இதுவும். அதிக வேலைப்பாடில்லாத, நன்றாக அயன் பண்ணிய ஒன்றைப் போட்டு வாருங்கள்.

கணினி நிறுவனங்களில் ரீசேர்ட்டோடு வேலை செய்வார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் முதல் சந்திப்புக்குக் கொலர் வைத்த சேர்ட் போடுங்கள்.

எதை உடுத்தினாலும் முன்கூட்டியே ஒருமுறை முழுசாகப் போட்டுப் பாருங்கள். கதிரையில் இருங்கள், எழும்புங்கள், கையை நீட்டிக் கோவையைக் கொடுங்கள். பொத்தான் இழுக்கிறதா, சேர்ட் வெளியே வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரவும் வேண்டுமே! காலையில் கரண்ட் போகலாம், அதனால் முதல்நாள் பகலிலேயே அயன் பண்ணிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையென்றால் செருப்போடு வந்து, வாசலில் காலைத் துடைத்துச் சப்பாத்தை மாட்டுங்கள்.

என்னிடம் இரண்டு கைத்தறிச் சேலைகள் இருக்கின்றன, தம்பியிடம் எட்டாம் நம்பர் கறுப்புச் சப்பாத்து இருக்கிறது. தேவைப்படும் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேளுங்கள். சேலைக்குப் பொருத்தமான சட்டையை மட்டும் நீங்கள் தைத்துக்கொள்ள வேண்டும்.